200 மட்டங்களில் கேரியர் அலைக்கு வேலை இல்லை: டிரான்ஸ் பே கேபிள் மாற்றியின் பண்பேற்றம், ஒரு நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவின் பொட்ரெரோ துணைமின் நிலையம் வரை, விரிகுடாவின் அடியில் சுமார் 85 கிலோமீட்டர் நீளக் கேபிள் ஒன்று ஓடுகிறது. ±200 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம், 400 மெகாவாட். 2010 நவம்பரில் சேவைக்கு வந்த இந்த டிரான்ஸ் பே கேபிள்தான், மாடுலர் பல்மட்ட மாற்றி (மின்தேக்கி கொண்ட சிறு அலகுகளை அடுக்கி, மின்னழுத்த அலையைப் படிப்படியாகக் கட்டும் மாற்றி) வணிக அளவிலான உயர் அழுத்த நேர்மின் இணைப்பில் முதன்முதலாக இறங்கிய இடம். மாற்றிகளைச் சீமென்ஸ் கட்டியது. அமைப்பின் மூலக் கருத்து, மியூனிக் ஆயுதப்படைப் பல்கலைக்கழகத்தின் ரைனர் மார்க்வார்ட் 2000-களின் தொடக்கத்தில் முன்வைத்தது. இந்த இணைப்பு வந்த பிறகு, 2011-இல் நகருக்குள் இருந்த பழைய பொட்ரெரோ அனல் மின் நிலையம் மூடப்பட்டது.

பல்மட்ட மாற்றிகளின் பண்பேற்றத்தைப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஐந்து மட்ட அல்லது ஏழு மட்டச் சுற்றோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே கேரியர் அடிப்படையிலான துடிப்பகலப் பண்பேற்றம்தான் ராஜா: வேண்டிய சைன் அலையை (குறிப்பு அலை) வேகமான முக்கோணக் கேரியர் அலையோடு ஒப்பிட்டுச் சுவிட்சுகளை இயக்கும் முறை. அதே முறையை அப்படியே 200 மட்டங்களுக்கு நீட்டினால் என்ன ஆகும், ஏன் அது கைவிடப்பட்டது, அதற்குப் பதிலாக வந்த முறை எந்தெந்த இடத்தில் காலை வாரும் என்பதை எண்களோடு பார்ப்பதே இந்த ஆய்வு. மொத்தத் திரிபு சதவீதத்தை, அதாவது வெளியீடு தூய சைன் அலையிலிருந்து விலகும் அளவை, மட்டும் வைத்துப் பண்பேற்ற முறையைத் தேர்ந்தெடுப்பது தவறு. மின்தேக்கிகளின் சமநிலையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், ஒவ்வொரு சுவிட்சும் நொடிக்கு எத்தனை முறை இயங்குகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகுதான் திரிபு வர வேண்டும்.

கணக்குக்கான அடிப்படை

நிலையத்தின் மதிப்பீடுகளிலிருந்து தொடங்குவோம். துருவத்திலிருந்து துருவத்துக்கு 400 கிலோவோல்ட், 400 மெகாவாட், 60 ஹெர்ட்ஸ். ஆக நேர்மின்னோட்டம் 1,000 ஆம்பியர். மூன்று கட்டங்கள், கட்டத்துக்கு மேல் ஆர்ம் (கட்ட முனையை ஒரு நேர்மின் துருவத்தோடு இணைக்கும் கிளை) ஒன்று, கீழ் ஆர்ம் ஒன்று, மொத்தம் ஆறு ஆர்ம்கள். உண்மையான நிலையத்தில் ஒவ்வொரு ஆர்மிலும் உபரியையும் சேர்த்து 200-க்கும் மேற்பட்ட அரைப்பாலச் சப்மாட்யூல்கள் (ஒரு மின்தேக்கியை இரண்டு சுவிட்சுகளால் பாதையில் இணைக்கவோ விலக்கவோ செய்யும் அலகுகள்) உள்ளன. கணக்கு எளிதாக இருக்கச் செயலில் சரியாக 200 என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் மற்ற மதிப்புகளும் இந்த அடிப்படையிலிருந்து நாம் வருவிப்பவை. நிலையத்தின் ஆவண மதிப்புகள் அல்ல.

400 கிலோவோல்ட்டை 200-ஆல் வகுத்தால் சப்மாட்யூல் ஒன்றுக்கு 2 கிலோவோல்ட். 3.3 கிலோவோல்ட் வகுப்பு ஐஜிபிடி (குறைகடத்திச் சுவிட்ச்) இதற்குப் பொருந்தும். பண்பேற்ற எண் (கட்ட மின்னழுத்த உச்சத்துக்கும் நேர்மின்னழுத்தத்தின் பாதிக்கும் உள்ள விகிதம்) 0.85 எனில், கட்ட மின்னழுத்தத்தின் உச்சம் 170 கிலோவோல்ட், லைன் மின்னழுத்தம் 208 கிலோவோல்ட், லைன் மின்னோட்டம் சுமார் 1,110 ஆம்பியர். ஒவ்வொரு ஆர்மிலும் 333 ஆம்பியர் நேர்மின்னோட்டமும், அதன் மேல் 784 ஆம்பியர் உச்சமுள்ள மாறுமின்னோட்டமும் ஓடும். எனவே ஆர்ம் மின்னோட்டம் ஒருபுறம் +1,117 வரையும் மறுபுறம் −451 வரையும் போய்வரும். இந்தச் சமச்சீரற்ற வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்தேக்கிகள் சுற்றின் 64 விழுக்காடு நேரம் மின்னேறுகின்றன, மீதி 36 விழுக்காட்டில் இறங்குகின்றன. எந்தச் சப்மாட்யூல் எப்போது இணைகிறது என்பதைப் பொறுத்து அதன் மின்னழுத்தம் எளிதில் விலகிப்போகும்.

மின்தேக்கிக்கு மெகாவோல்ட்-ஆம்பியருக்கு 35 கிலோஜூல் என்ற ஒதுக்கீடு எடுக்கலாம். 30 முதல் 40 வரை வழக்கம். மொத்தம் 14 மெகாஜூல். 1,200 சப்மாட்யூல்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 11.7 கிலோஜூல். 2 கிலோவோல்ட்டில் இதற்கு 5.8 மில்லிஃபாரட் வேண்டும். முழு ஆற்றலில், திறன் காரணி 1-இல், ஓர் ஆர்மின் ஆற்றல் ஒரு சுற்றில் உச்சிக்கும் அடிக்கும் இடையே 617 கிலோஜூல் ஏறி இறங்கும். ஆர்மின் சராசரி ஆற்றல் 2.33 மெகாஜூல் என்பதால், மின்தேக்கி மின்னழுத்தத்தின் ரிப்பிள், அதாவது ஏற்ற இறக்கம், ±6.6%. இதன் மேல் சப்மாட்யூல்களுக்கிடையே ±3% பரவலை அனுமதித்தால் உச்சம் கிட்டத்தட்ட 2.2 கிலோவோல்ட். அணைக்கும்போது எழும் மின்னழுத்தக் கூர்முனைக்கு அதற்கு மேலும் இடம் இருக்கிறது. ரிப்பிள் பட்ஜெட்டில் பெரும் பங்கு அடிப்படை இயற்பியலுக்கே போய்விடுகிறது. பண்பேற்ற முறைக்கு மிஞ்சுவது அந்த ±3% மட்டுமே.

ஐந்து மட்டத்தில் எது நன்றாக இருந்தது

முதலில் சிறிய மாற்றியில் நிலவரம் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஆர்முக்கு நான்கு சப்மாட்யூல், ஐந்து மட்டம், அதே 0.85 பண்பேற்ற எண். அருகாமை மட்ட முறை, அதாவது சைன் அலையின் மதிப்பை அருகிலுள்ள முழு எண்ணுக்கு ஒதுக்கி அந்த மட்டத்தை வெளியிடும் முறை, இங்கே 17.1 பாகையிலும் 61.9 பாகையிலும் படி ஏறும். அடிப்படை அலை கேட்டதைவிட 6.8% கூடுதலாக வரும். கட்ட மின்னழுத்தத்தின் மொத்தத் திரிபு 24%. ஐந்தாம் சீரிசை (அடிப்படை அதிர்வெண்ணின் ஐந்து மடங்கில் வரும் அலை) மட்டும் அடிப்படை அலையில் 10%. 300 ஹெர்ட்ஸில் உட்காரும் 10% என்றால் வடிகட்டி பருத்துவிடும். ஏற்றுக்கொள்ள முடியாதது.

குறிப்பிட்ட சீரிசை நீக்க முறையைப் பயன்படுத்தினால் கோணங்களை 27.4, 63.4 பாகைகளுக்கு மாற்ற வேண்டும். ஐந்தாம் சீரிசை பூஜ்யம், அடிப்படை அலை கேட்ட அளவிலேயே துல்லியம். ஆனால் கட்ட மின்னழுத்தத்தின் மொத்தத் திரிபு 24-லிருந்து 31%-க்கு ஏறுகிறது! ஏறியதில் பெரும் பகுதி மூன்றாம் சீரிசை, 21%. அது மூன்று கட்ட லைன் மின்னழுத்தத்தில் தானே ரத்தாகும். கவலைப்பட வேண்டியது ஏழாம் சீரிசை: 2.1%-லிருந்து 9.3%-க்குப் போய்விட்டது. இரண்டே கோணங்கள் கையில் இருக்கும்போது, ஒன்று அடிப்படை அலைக்கும் இன்னொன்று ஒரே ஒரு சீரிசைக்கும் செலவாகிவிடும். மூன்றாவதைக் கேட்க இடமில்லை. கட்டத் திரிபு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இந்த இரண்டு உண்மைகளையும் தவறவிடுவார்.

கட்டம் நகர்த்திய கேரியர் முறை இங்கே அழகாக வேலை செய்யும். நான்கு கேரியர்கள், ஒவ்வொன்றும் 1 கிலோஹெர்ட்ஸ், 90 பாகை இடைவெளி. முதல் சுவிட்சிங் சீரிசைக் கூட்டம் 4 கிலோஹெர்ட்ஸில்தான் தோன்றும். மேல் ஆர்மின் கேரியர் தொகுதியைக் கீழ் ஆர்மிலிருந்து இன்னும் 45 பாகை நகர்த்தினால் வெளியீடு ஒன்பது மட்டமாகி, கூட்டம் 8 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். விலையும் உண்டு: இரண்டு ஆர்ம்களிலும் இணைந்திருக்கும் சப்மாட்யூல்களின் கூட்டுத்தொகை இனி நிலையாக நான்கு அல்ல, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே தாவும். அந்தத் தாவல் முழுவதும் ஆர்ம் மின்தூண்டிகள் மேல் விழுந்து, மாற்றிக்குள்ளேயே சுற்றிவரும் உட்சுற்று மின்னோட்டத்தில் சுவிட்சிங் ரிப்பிளாகத் தெரியும். நகர்வு பூஜ்யமாக இருந்தால் கூட்டுத்தொகை எப்போதும் நான்குதான். இரட்டைப்படை எண்ணிக்கைக்கு இது பொருந்தும். ஆர்முக்கு ஒற்றைப்படை எண்ணிக்கை வைத்தால் இரண்டு நிலைகளும் இடம் மாறும். ஐந்து சப்மாட்யூல் வைத்துக்கொண்டு நான்குக்கான சூத்திரத்தைப் போடுவது ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை.

அடுக்கு கேரியர் முறையில், எல்லாக் கேரியர்களும் ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போது லைன் மின்னழுத்தம் கட்டம் நகர்த்திய முறையைவிடச் சுத்தமாக வரும். காரணம், கேரியர் அதிர்வெண்ணில் உள்ள பெரிய சீரிசை மூன்று கட்டங்களிலும் பொதுவாக இருந்து ரத்தாகிவிடுகிறது. ஆனால் நடு அடுக்குகள் ஓயாமல் இயங்க, உச்சி அடுக்கு எப்போதாவது எட்டிப்பார்க்கும். சப்மாட்யூல்களுக்கு வேலையைச் சுழற்றித் தராவிட்டால் மின்தேக்கிகள் சில சுற்றுகளிலேயே பிரிந்துவிடும்.

200-க்கு நீட்டும்போது

இப்போது அதே கட்டம் நகர்த்திய முறையை 200 சப்மாட்யூலுக்கு எழுதிப் பாருங்கள். கேரியர்களுக்கிடையே 1.8 பாகை. சுவிட்சிங் இழப்பைக் குறைக்கக் கேரியரை 130 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும், வெளியீட்டின் பயனுறு அதிர்வெண் 26 கிலோஹெர்ட்ஸ். கேட்க நன்றாக இருக்கிறது. தொல்லை மூன்று இடங்களில்.

முதலாவது, 130 ஹெர்ட்ஸ் கேரியர் 60 ஹெர்ட்ஸ் அடிப்படை அலைக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு கேரியர் சுற்று முடிவதற்குள் சைன் அலை கிட்டத்தட்டப் பாதி தூரம் போய்விடும். அந்தச் சப்மாட்யூலுக்குக் கிடைக்கும் மின்னூட்டம், அதன் கேரியர் அலையின் எந்த இடத்தில் சந்திக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். கேரியரைச் சரியாக 120 ஹெர்ட்ஸ் என்று முழு மடங்காக வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வொரு சப்மாட்யூலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இயங்குவதால், குறைவாகப் பெறுவது குறைவாகவே பெற்றுக்கொண்டிருக்கும். 130 வைத்தால் பிழை சுழன்று சராசரியாகும். ஆனால் 130-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசமான 10 ஹெர்ட்ஸில் மெதுவான ரிப்பிள் ஒன்று மின்தேக்கிகளில் தோன்றும். நாம் ஒதுக்கிய ±3%-ஐ அதுவே தின்னப் பார்க்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு சப்மாட்யூலுக்கும் தனியாக ஒரு மின்னழுத்தக் கட்டுப்பாட்டு வளையம் தேவைப்படும். ஆறு ஆர்முக்கு 1,200 வளையங்கள். ஒவ்வொன்றும் தன் துடிப்பகலத்தைச் சிறிது திருத்தும். 200 திருத்தங்களின் கூட்டல் பூஜ்யமாக இல்லாவிட்டால் வெளியீட்டு அலையே கோணும்.

மூன்றாவது, நடைமுறையில் எடை மிக்கது: ஒரு சப்மாட்யூல் செயலிழந்து பைபாஸ் ஆனால் இடைவெளி 360-ஐ 199-ஆல் வகுத்த மதிப்பாக மாற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் 199 கேரியர்களையும் மெதுவாக நகர்த்தி மறுபடி ஒழுங்காக்க வேண்டும். சப்மாட்யூல் பழுதானாலும் இணைப்பு நிற்கக் கூடாது, அடுத்த திட்டமிட்ட பராமரிப்பு வரை ஓட வேண்டும் என்பதே மாடுலர் அமைப்பின் உயிர். அதைக் கேரியர் முறை ஒவ்வொரு பழுதிலும் தொந்தரவு செய்கிறது.

அருகாமை மட்ட முறையில் மறுபுறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒதுக்குப் பிழை ஒரு படியின் பாதிக்குள், சீராகப் பரவியிருக்கும் என்று கொண்டால், 2 கிலோவோல்ட் படிக்குப் பிழையின் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்) மதிப்பு 0.577 கிலோவோல்ட். 170 கிலோவோல்ட் உச்சமுள்ள அடிப்படை அலையின் ஆர்எம்எஸ் மதிப்பு 120 கிலோவோல்ட். திரிபு 0.48%! ஐந்து மட்டத்தில் 24%, 20 சப்மாட்யூலில் 4.8%, 200-இல் 0.48%. 0.85 பண்பேற்ற எண்ணுக்கு, 96-ஐச் சப்மாட்யூல் எண்ணிக்கையால் வகுத்தால் சதவீதம் வந்துவிடும். அந்தச் சிறு திரிபும் ஒரே சீரிசையில் குவியாமல் பல கிலோஹெர்ட்ஸ் வரை சிதறிக் கிடக்கும்.

1999-இல் ஸ்வீடனின் கோட்லாந்து இணைப்பில் வந்த இரண்டு மட்ட மாற்றியோடு ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு புரியும். 50 மெகாவாட், ±80 கிலோவோல்ட், சுமார் 2 கிலோஹெர்ட்ஸ் சுவிட்சிங், மாற்றி ஒன்றுக்கு 3% சுற்றிலான இழப்பு. ஒவ்வொரு சுவிட்சிங்கிலும் முழு 160 கிலோவோல்ட் தாவல். இங்கே தாவல் 2 கிலோவோல்ட். மாற்றிக்கு இழப்பு 1% அளவு.

மாதிரி எடுக்கும் வேகம்: எல்லோரும் குறைத்து மதிப்பிடும் எண்

0.48% என்பது அலை ஒவ்வொரு படியிலும் சரியான கணத்தில் ஏறினால்தான். சைன் அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது மிகச் செங்குத்தாக ஏறும். அந்த இடத்தில் நொடிக்கு எத்தனை படிகள்? பை, அதிர்வெண், சப்மாட்யூல் எண்ணிக்கை, பண்பேற்ற எண் நான்கையும் பெருக்குங்கள்: 3.1416 × 60 × 200 × 0.85, அதாவது நொடிக்கு சுமார் 32,000 படிகள். ஒரு படிக்கு 31 மைக்ரோவினாடி. கட்டுப்பாட்டுச் சுற்று இதைவிட மெதுவாக ஓடினால் அலை படிகளை ஒன்றொன்றாக ஏறாது, இரண்டு மூன்றாகத் தாவும்.

100 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை கணக்கிட்டால் பூஜ்யக் கடப்பில் ஒரே நேரத்தில் 3 அல்லது 4 சப்மாட்யூல்கள் மாறும். 200 சப்மாட்யூலுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பூஜ்யக் கடப்பில் 60 சப்மாட்யூல் மாற்றியின் அலைவடிவத்தை வாங்குவதற்கு இது சமம். 10 கிலோஹெர்ட்ஸ் மாதிரி அதிர்வெண்ணைச் சுற்றிச் சீரிசைக் கூட்டமும் முளைக்கும். ஆகவே இந்த அளவுக்கு 25 மைக்ரோவினாடி, அதாவது 40 கிலோஹெர்ட்ஸ், பொருத்தமான தேர்வு. குறிப்பு அலையை உருவாக்கும் வெளி வளையங்கள் 100 மைக்ரோவினாடியில் ஓடலாம். ஆனால் அதன் முடிவை அப்படியே பிடித்து வைக்காமல், நடுவிலுள்ள மூன்று இடைவெளிகளுக்கும் நேர்கோட்டில் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

தாமதத்தையும் எண்ண வேண்டும். 100 மைக்ரோவினாடித் தாமதம் 60 ஹெர்ட்ஸில் 2.16 பாகை. இதைக் கட்டத் திருத்தமாகச் சேர்த்துவிட்டால் அடிப்படை அலைக்குத் தீர்வு கிடைத்துவிடும். உயர் அதிர்வெண்களில் அப்படித் தீராது. அதற்குப் பின்னால் வருகிறோம்.

எந்தச் சப்மாட்யூல்?

எத்தனை சப்மாட்யூல் வேண்டும் என்று சொல்வது பண்பேற்றத்தின் பாதிதான். எவை என்று சொல்வதே மீதி. விதி எளியது: ஆர்ம் மின்னோட்டம் மின்தேக்கிகளை ஏற்றும் திசையில் ஓடினால் மின்னழுத்தம் குறைந்தவற்றை இணை; இறக்கும் திசையில் ஓடினால் மின்னழுத்தம் கூடியவற்றை இணை.

இதை அப்படியே எழுதி, ஒவ்வொரு 25 மைக்ரோவினாடிக்கும் 200 மின்னழுத்தங்களையும் வரிசைப்படுத்தி மேலிருந்து எடுத்தால், முடிவு பேரழிவு. மின்னழுத்தங்கள் ஒன்றுக்கொன்று சில வோல்ட்டே விலகியிருக்கும். இணைந்தது சிறிது ஏறியதுமே வரிசையில் பின்தங்கிவிடும், இன்னொன்று அதன் இடத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஐந்து சப்மாட்யூல் தேவையில்லாமல் இடம் மாறினால் என்ன ஆகும்? 5-ஐ 40,000-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால், சப்மாட்யூலுக்குச் சராசரி 1,000 ஹெர்ட்ஸ். தேவையான குறைந்தபட்சத்தையும் பார்ப்போம்: இணைந்த எண்ணிக்கை ஒரு சுற்றில் 15-லிருந்து 185-க்கு ஏறி மறுபடி இறங்குகிறது. 170 இணைப்பு, 170 விலக்கல். 200 சப்மாட்யூலுக்குப் பிரித்தால் சுற்றுக்கு 0.85, அதாவது 51 ஹெர்ட்ஸ். இருபது மடங்கு வித்தியாசம்!

இழப்பில் இது எப்படித் தெரியும்? ஆர்ம் மின்னோட்டத்தின் சராசரி அளவு 545 ஆம்பியர். எந்த நேரத்திலும் ஒவ்வொரு சப்மாட்யூலிலும் ஒரு ஐஜிபிடியோ டையோடோ கடத்திக்கொண்டிருக்கும்; அதில் 2.5 வோல்ட் வீழ்ச்சி எனக் கொண்டால் கடத்தல் இழப்பு 1.6 மெகாவாட், அதாவது 0.4%. ஒருமுறை இணைத்து விலக்க 3 ஜூல் என்று எடுத்தால், 51 ஹெர்ட்ஸில் சுவிட்சிங் இழப்பு 0.18 மெகாவாட், 1,000 ஹெர்ட்ஸில் 3.6 மெகாவாட். பல்மட்ட அமைப்பால் கிடைத்த ஆதாயம் முழுவதும் வரிசைப்படுத்தும் நிரலில் கரைந்துபோகும்.

அதனால் நடைமுறையில் இரண்டு கட்டுப்பாடுகளைச் சேர்க்கிறார்கள். ஒன்று, தேவையான எண்ணிக்கை மாறும்போது மட்டும் மாற்று, அதுவும் மாறும் அளவுக்கே. ஏறினால் வெளியே இருப்பவற்றிலிருந்து மட்டும் தேர்ந்தெடு, இறங்கினால் உள்ளே இருப்பவற்றிலிருந்து மட்டும் விலக்கு. இன்னொன்று, ஏற்கெனவே இணைந்திருப்பவற்றுக்குச் சிறு முன்னுரிமை: மின்னேறும்போது அவற்றின் மின்னழுத்தத்தை 0.98-ஆல் பெருக்கி வரிசையில் வை, இறங்கும்போது 1.02-ஆல். அந்த 2% தான் சுவிட்சிங் அதிர்வெண்ணுக்கும் மின்தேக்கிப் பரவலுக்கும் நடுவே உள்ள குமிழ். 1% ஆக்கினால் பரவல் குறையும், அதிர்வெண் ஏறும். இரண்டுக்கும் நடுவில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை நிறுத்துவது நியாயமான இலக்கு.

முதல் கட்டுப்பாடு மட்டும் போதுமா என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. 200-இல் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பதால் சமநிலைக்கு வாய்ப்புகள் நிறையக் கிடைக்கும். 10 சப்மாட்யூல் உள்ள ஆய்வக மாற்றியில் படி மாறாமல் மில்லிவினாடிக் கணக்கில் நிற்கும், அதற்குள் மின்தேக்கிகள் விலகும். அங்கே முதல் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, இரண்டாவதை வைத்துப் படி மாறாதபோதும் சமப்படுத்தாவிட்டால் பரவல் அடங்காது.

கணக்கிடும் வேகமும் பிரச்சினைதான். 200 எண்களை எளிய முறையில் வரிசைப்படுத்த 19,900 ஒப்பீடுகள். ஆறு ஆர்முக்கு, 25 மைக்ரோவினாடிக்குள், ஒரு சாதாரணச் செயலியால் முடியாது. நிரலாக்கத்தக்க லாஜிக் சிப்பில் இணையாக ஓட்ட வேண்டும். அல்லது முழு வரிசையே வேண்டாம்: முதல் கட்டுப்பாடு இருக்கும்போது தேவைப்படுவது வெளியே இருப்பவற்றில் மிகக் குறைந்தது எது, மிகக் கூடியது எது, உள்ளே இருப்பவற்றில் எது என்ற நான்கு விடைகள்தான். ஒருமுறை பட்டியலை ஓடிப் பார்த்தால் நான்கும் கிடைத்துவிடும்.

ஒரு சிறு ஓட்டை பலரைச் சிக்கவைக்கிறது. ஆர்ம் மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் அளவியின் இரைச்சல் திசையைத் தவறாகச் சொல்லும்; வரிசை தலைகீழாகும்; அடுத்த அளவீட்டில் மீண்டும் திரும்பும். உச்ச மின்னோட்டத்தின் 1 முதல் 2%, இங்கே 11 முதல் 22 ஆம்பியர், அளவுக்கு ஒரு பட்டை வைத்து, அதற்குள் பழைய திசையையே பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். இணைப்பு மிகக் குறைந்த சுமையில் ஓடும்போது மின்னோட்டம் பெரும்பாலான நேரம் அந்தப் பட்டைக்குள்ளேயே கிடக்கும் என்பதால், அப்போது பட்டையைச் சுமைக்கேற்பச் சுருக்க வேண்டும்.

உட்சுற்று மின்னோட்டமும் ஆர்ம் மின்தூண்டியும்

±6.6% ரிப்பிள் வெறுமனே இருந்துவிடாது. ஒவ்வொரு கட்டத்திலும் மேல், கீழ் ஆர்ம்களின் மொத்த மின்னழுத்தம் இரு மடங்கு அதிர்வெண்ணில், 120 ஹெர்ட்ஸில் துடிக்கும். அது மூன்று கட்டங்களுக்கிடையே, வெளியே தெரியாமல், உட்சுற்று மின்னோட்டத்தை ஓட்டும். மாறுமின் பக்கத்தை அது தொடாது. ஆனால் ஐஜிபிடிகளைச் சூடாக்கும், மின்தேக்கி ரிப்பிளையும் பெருக்கும்.

முதல் பாதுகாப்பு மின்தூண்டியின் அளவு. ஆர்ம் மின்தூண்டியும் இணைந்த மின்தேக்கிகளும் சேர்ந்து 120 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வுக்கு வரும் மதிப்பைக் கண்டுபிடித்து அதைவிட மேலே நிற்க வேண்டும். பண்பேற்ற எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கி 6-ஐக் கூட்டி, 96-ஆல் வகுத்து, சப்மாட்யூல் எண்ணிக்கையால் பெருக்கி, 60 ஹெர்ட்ஸுக்கான கோண அதிர்வெண்ணின் வர்க்கம், சப்மாட்யூலின் மின்தேக்கம் இரண்டின் பெருக்கலால் வகுங்கள். நம் எண்களுக்கு 22.5 மில்லிஹென்றி. இது 0.08 அலகு மின்மறுப்புக்கு, அதாவது மாற்றியின் அடிப்படை மின்மறுப்பில் 0.08 பங்குக்குச் சமம். 40 மில்லிஹென்றி, 0.14 அலகு, வைத்தால் போதிய தூரம் கிடைக்கும். மின்தேக்கிகள் வயதாகி மின்தேக்கம் குறையும்போது இந்த எல்லை மேலே ஏறும் என்பதால் விளிம்பில் நிற்கக் கூடாது.

இரண்டாவது, கட்டுப்பாட்டு வளையம்: 120 ஹெர்ட்ஸில், எதிர் வரிசையில் சுழலும் அச்சுகளில் உட்சுற்று மின்னோட்டத்தை அளந்து, பூஜ்யத்தை இலக்காக வைத்து, கிடைக்கும் திருத்தத்தை இரண்டு ஆர்ம்களின் குறிப்பு அலைகளிலும் ஒரே குறியோடு சேர்ப்பது. இங்கே அருகாமை மட்ட முறைக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. திருத்தம் ஒரு படிக்குக் குறைவாக இருக்கும்போது ஒதுக்குதல் அதை விழுங்கிவிடும். மேல், கீழ் ஆர்ம்களைத் தனித்தனியே ஒதுக்கினால் கூட்டுத்தொகை 199, 200, 201 என்று மாறித் திருத்தம் உள்ளே நுழையும். கீழ் ஆர்மை ஒதுக்கி, மேல் ஆர்மை 200-லிருந்து கழித்துப் பெற்றால் கூட்டுத்தொகை எப்போதும் 200. திருத்தம் நுழைய வழியே இல்லை. வளையம் சரியாக எழுதப்பட்டும் எந்தப் பயனும் தெரியவில்லை என்றால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

இன்னொரு தேர்வும் இங்கே வருகிறது. ஒதுக்கும்போது 2 கிலோவோல்ட் என்ற பெயரளவு மதிப்பால் வகுக்கலாம், அல்லது அந்தக் கணத்தில் அளந்த சராசரி மின்தேக்கி மின்னழுத்தத்தால் வகுக்கலாம். அளந்ததால் வகுத்தால் 120 ஹெர்ட்ஸ் உட்சுற்று மின்னோட்டம் பெருமளவு தானே மறையும். ஆனால் ஆர்ம் ஆற்றல் தானாகச் சமநிலைக்குத் திரும்பும் இயல்பும் அதோடு மறைந்துவிடும். கட்டத்தின் மொத்த ஆற்றலுக்கு ஒரு வளையமும், மேல், கீழ் வித்தியாசத்துக்கு ஒரு வளையமும் கட்டாயம். பெயரளவு மதிப்பால் வகுத்தால் உட்சுற்று மின்னோட்டம் வரும், ஆற்றல் தானே நிலைக்கும். முதல் முறையை எடுத்துவிட்டு ஆற்றல் வளையங்களை மறந்தால், மாதிரியில் சில நொடிகள் எல்லாம் நன்றாக ஓடி, பிறகு ஓர் ஆர்ம் மெல்ல மெல்ல மேலே ஏறிப் பாதுகாப்பு துண்டிக்கும்.

தொடக்கமும் பழுதும்

மாற்றி தொடங்கும்போது பண்பேற்றமே இல்லை. சப்மாட்யூலின் கட்டுப்பாட்டு அட்டைக்கு மின்சாரம் அதன் சொந்த மின்தேக்கியிலிருந்தே வருவதால், முதலில் மின்தடை வழியாக, டையோடுகள் மூலம் மின்தேக்கிகள் ஏற வேண்டும். மாறுமின் பக்கத்திலிருந்து ஏற்றினால் ஒவ்வோர் ஆர்மும் லைன் மின்னழுத்தத்தின் உச்சமான 294 கிலோவோல்ட் வரை போகும்; சப்மாட்யூலுக்கு 1.47 கிலோவோல்ட். அங்கிருந்து 2 கிலோவோல்ட்டுக்கு, சிலவற்றைப் பைபாஸில் வைத்து மற்றவற்றை ஏற்றி, சுழற்சியாகக் கொண்டுபோக வேண்டும். 1.47-இல் இருக்கும்போதே முழுப் பண்பேற்றத்தைத் தொடங்கினால் மின்னழுத்தப் பற்றாக்குறையால் பெரும் மின்னோட்டம் பாயும்.

பழுதான சப்மாட்யூல் பைபாஸ் சுவிட்சை மூடிக்கொண்டு பட்டியலிலிருந்து விலகும். அருகாமை மட்ட முறையில் இதற்குச் செய்ய வேண்டியது அந்த ஒன்றைத் தேர்விலிருந்து நீக்குவது மட்டுமே. கேரியர் முறையோடு ஒப்பிட்டால் இந்த ஒரு காரணமே தேர்வை முடித்துவிடும்.

உயர் அதிர்வெண் அலைவு

தாமதத்தைப் பற்றி விட்ட இடத்துக்கு வருவோம். 1,200 மின்னழுத்தங்களை ஒளியிழை வழியாகக் கொண்டுவந்து, வளையங்களை ஓட்டி, தேர்ந்தெடுத்து, திருப்பி அனுப்பும் மொத்தத் தாமதம் 300 மைக்ரோவினாடி எனக் கொள்வோம். 60 ஹெர்ட்ஸில் இது 6.5 பாகை, திருத்தலாம். 1,270 ஹெர்ட்ஸில் 137 பாகை. மின்வலை மின்னழுத்தத்தை அளந்து குறிப்பு அலையில் நேராகச் சேர்க்கும் வழி இருந்தால், இந்தத் தாமதத்தால் மாற்றி அந்த அதிர்வெண்ணில் எதிர்மின்தடை போல நடந்துகொள்ளும். வலையில் அதே அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு இருந்தால் அலைவு வளரும். 1,270 என்ற எண்ணை நாம் சும்மா எடுக்கவில்லை: சீனாவின் லூசி மாற்றி நிலையத்தில் 2017-இல் பதிவான அலைவு அந்த அதிர்வெண்ணில்தான்.

மட்டங்களைக் கூட்டுவதாலோ திரிபைக் குறைப்பதாலோ இது தீராது. சேர்க்கும் வழியில் தாழ்வடிகட்டி போடுவது, சங்கிலியில் ஒவ்வொரு மைக்ரோவினாடியையும் வெட்டுவது, வலையின் மின்மறுப்பைப் பல இயக்க நிலைகளில், முக்கியமாக நீண்ட லைன் ஒன்றோடு மட்டும் தனித்து நிற்கும் நிலையில், கணக்கிட்டுப் பார்ப்பது ஆகியவையே வழி.

இதே கணக்கு புகளூருக்கு

தமிழ்நாட்டின் புகளூரையும் கேரளத்தின் திருச்சூரையும் 2021-இல் இணைத்த இணைப்பும் மின்னழுத்த மூல வகை மாற்றியே: ±320 கிலோவோல்ட், தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு. இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. நம் கணக்கை அதன் மதிப்பீடுகளுக்கு மாற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி. சப்மாட்யூலுக்கு அதே 2 கிலோவோல்ட் எனக் கொண்டால் ஆர்முக்கு 320. திரிபு 0.3%. பூஜ்யக் கடப்பில் நொடிக்கு 42,700 படிகள். படிக்கு 23 மைக்ரோவினாடி, ஆகவே 25 மைக்ரோவினாடிச் சுற்று இங்கே சற்றே போதாது. குறைந்தபட்சச் சுவிட்சிங் 42.5 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் சுற்று நீளம் என்பதால் அதே 35 கிலோஜூலுக்கு ரிப்பிள் ±7.9% ஆகும், ±6.6%-இலேயே நிறுத்த 42 கிலோஜூல் வேண்டும். உட்சுற்று மின்னோட்டத்தைத் தேட வேண்டிய இடம் 100 ஹெர்ட்ஸ்.

டிரான்ஸ் பே முழுக்கக் கேபிள். இங்கே பாதையின் ஒரு பகுதி மேல்நிலைக் கம்பி, இடி மின்னலுக்கு ஆட்படுவது. நேர்மின் பக்கம் குறுக்கிணைப்பு ஏற்பட்டால் அரைப்பாலச் சப்மாட்யூலைப் பண்பேற்றத்தால் காப்பாற்ற முடியாது: எல்லா ஐஜிபிடிகளையும் அணைத்தாலும் டையோடுகள் வழியே மாறுமின் வலை பழுதுக்கு மின்னோட்டம் ஊட்டிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த மாறுமின் பிரேக்கர் திறக்க வேண்டும், அல்லது நேர்மின் பிரேக்கர் வேண்டும், அல்லது எதிர் மின்னழுத்தம் தரவல்ல முழுப்பாலச் சப்மாட்யூல் வேண்டும். முழுப்பாலத்தில் மின்னோட்டப் பாதையில் எப்போதும் இரண்டு சாதனங்கள் இருப்பதால், மேலே கண்ட 0.4% கடத்தல் இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

மாதிரியில் செய்து பார்க்க விரும்புவோர் 200-இல் தொடங்க வேண்டாம். ஆர்முக்கு 20 சப்மாட்யூல், சமநிலையான மூலங்களை மின்தேக்கிக்குப் பதிலாக வைத்து, அருகாமை மட்ட முறையில் 4.8% அளவுத் திரிபு வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். அது வந்த பிறகு மின்தேக்கிகளைப் போட்டு, கட்டுப்பாடற்ற வரிசைப்படுத்தலில் சுவிட்சிங் அதிர்வெண்ணைப் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டு கட்டுப்பாடுகளையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். உட்சுற்று வளையம் அதற்கும் அடுத்துதான். வரிசையை மாற்றி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கினால், விலகும் மின்தேக்கிக்குக் காரணம் தேர்வு விதியா, ஆற்றல் வளையமா, ஒதுக்குதலா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.